ஒருவருக்குக் குணம் சூட்டுவதற்கு முன்: நடத்தைக்குக் காரணம் தேடும் முழுமையான வழிகாட்டி

எங்கள் மகளின் சாமத்திய வீடு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாமி முறைக்கு ஆலாத்தி எடுத்தவர் என் கணவரின் தங்கை, வத்தளையில் இருக்கும் மச்சாள். ஆலாத்தி முடிந்து, படம் எடுத்து முடிந்து, பந்தி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் சாப்பிடாமல் போய்விட்டார். சொல்லிக்கொள்ளவும் இல்லை. மிச்சச் சோற்றை வாளியில் அள்ளும்போதுதான் எங்களுக்கே தெரியும். அன்றிரவே வீட்டில் தீர்ப்பு எழுதியாயிற்று: "அவவுக்குப் பெருமை."

எட்டு மாதம் அந்தத் தீர்ப்போடு இருந்தோம். அந்த எட்டு மாதத்தில் அவர் செய்தது எல்லாம் பெருமையாகவே தெரிந்தது. போன் எடுக்காவிட்டால் பெருமை, எடுத்துச் சுருக்கமாகக் கதைத்தாலும் பெருமை.

ஒருவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்று நாம் மனதுக்குள் முடிவு கட்டுவதற்கு உளவியலில் 'காரணம் கற்பித்தல்' என்று பெயர். இதைச் செய்யாமல் ஒரு நாளும் கழியாது. பஸ்ஸில், அலுவலகத்தில், தொடர்மாடி லிஃப்டில், வாட்ஸ்அப்பில் நீல நிறச் சரி விழுந்தும் பதில் வராதபோது, எங்கும் செய்கிறோம். அதைக் கவனமாகச் செய்வதற்கு நான் பழகிக்கொண்ட வழியைப் படிப்படியாக எழுதுகிறேன். தேவையானவை ஒரு கொப்பியும் பேனையும் அரை மணி நேரமும். கோபம் தலைக்கேறி இருக்கும்போது மட்டும் இதைத் தொடங்க வேண்டாம். ஒரு நித்திரை கொண்டு எழும்பிய பிறகு செய்யுங்கள்.

முதல் படி: நடந்ததை மட்டும் எழுதுங்கள்

கொப்பியில் ஒரே ஒரு சம்பவத்தை எழுதுங்கள். கமரா பிடித்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அது மட்டும் வர வேண்டும். "எங்களை மதிக்காமல் போனார்" என்பது கமராவில் விழாது. "இரவு எட்டரை மணிபோல, கையில் மகனைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வாசலால் வெளியே போனார்" என்பது விழும்.

கேட்க இலகுவாக இருக்கும், செய்து பார்த்தால் கஷ்டம் தெரியும். எனக்கு மூன்று தரம் வெட்டி எழுத வேண்டி வந்தது. நடத்தையைப் பார்க்கும்போதே எண்ணத்தையும் சேர்த்துப் பார்ப்பதுதான் மனித மூளையின் பழக்கம். 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மல் என்ற உளவியலாளர்கள் அசையும் ஒரு சின்னப் படம் காட்டினார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம், கதவுள்ள ஒரு செவ்வகம், அவ்வளவுதான். பார்த்த 34 மாணவிகளில் ஒருவர் மட்டுமே அதை முழுக்க வடிவங்களின் அசைவாக விவரித்தார். மற்றவர்கள் பெரிய முக்கோணம் அடாவடி செய்கிறது, வட்டம் பயந்து ஒளிக்கிறது என்று கதை சொன்னார்கள். முக்கோணத்துக்கே குணம் சூட்டுகிற நாங்கள் மச்சாளுக்குச் சூட்டாமல் விடுவோமா?

இதே ஹைடர் 1958இல் எழுதிய நூலில்தான் இந்தத் துறையின் அடிப்படைப் பிரிவு வந்தது: நடத்தைக்கான காரணத்தை ஆளுக்குள் தேடுகிறோமா, ஆளைச் சுற்றியுள்ள நிலைமையில் தேடுகிறோமா என்பது.

சரி, எழுதியாயிற்றா? நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்ட குணப் பெயரையும் அதே பக்கத்தின் அடியில் எழுதி, கீறி விடாமல் வைத்திருங்கள். கடைசியில் தேவைப்படும்.

இரண்டாம் படி: மூன்று கேள்விகள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் பழக முடியும் என்றால் இதைப் பழகுங்கள். 1967இல் ஹரோல்ட் கெல்லி சொன்ன முறை இது. சம்பவத்திடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மற்றவர்களும் அதே இடத்தில் அப்படிச் செய்தார்களா? இந்த ஆள் மற்ற இடங்களிலும் அப்படிச் செய்கிறாரா? இதே இடத்தில், இதே ஆட்களோடு, வேறு நாட்களிலும் அப்படிச் செய்திருக்கிறாரா?

முதலில் ஒரு லேசான உதாரணம். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நடத்துனர் உங்களிடம் எரிந்து விழுகிறார். எல்லாரிடமும், எல்லா நாளும் எரிந்து விழுகிறவர் என்றால் குணம் என்று சொல்ல இடமுண்டு. பம்பலப்பிட்டிச் சந்தியில் சன நெரிசல் ஏறியபோது மட்டும் என்றால் நிலைமை. இந்த நடத்துனர் உங்களிடம் மட்டும், அதுவும் நீங்கள் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டும் நாளில் மட்டும் எரிகிறார் என்றால், காரணம் எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுவீர்கள்.

மச்சாளின் விடயத்தில் கேட்டுப் பார்த்தேன். வேறு யாராவது சாப்பிடாமல் போனார்களா? வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். நீர்கொழும்புப் பக்கம் போகும் இன்னொரு குடும்பமும் ஏறக்குறைய அதே நேரத்தில் வெளிக்கிட்டிருந்தது. அவர்களை நாங்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்து, மச்சாள் மற்றவர்களின் விசேஷங்களில் சாப்பிடாமல் போகிறவரா? என் மாமியாரைக் கேட்டேன். "இல்லையே, போன மாசம் கொட்டாஞ்சேனைக் கலியாணத்தில பந்திக்கு நிண்டு பரிமாறீட்டுத்தானே போனவ" என்றார். கடைசியாக, எங்கள் வீட்டில் முன்னர் அப்படிச் செய்திருக்கிறாரா? குசினியில் பலகையைப் போட்டு இருந்து, சட்டியில் ஒட்டிய சோற்றைக் குழம்பு விட்டுப் பிசைந்து என்னோடு பகிர்ந்து சாப்பிடுகிற ஆள் அவர். மூன்று பதிலும் ஒரே பக்கம் காட்டின. பெருமை என்பது அவருடைய குணமாக இருந்தால் இந்த மூன்று இடத்தில் ஓரிடத்திலாவது தலை காட்டியிருக்க வேண்டும்.

இங்கே நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மூன்று கேள்விகளை எல்லாரையும் மன்னிப்பதற்கான கருவி என்று எடுக்கக் கூடாது. சில இடத்தில் அவை எதிர்ப்பக்கம் காட்டும். "அவருக்கு வேலையில டென்ஷன், அதுதான் கை நீட்டிறார்" என்று சொல்லும் பெண்களை எங்கள் தொடர்மாடியிலேயே கண்டிருக்கிறேன். கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். டென்ஷன் உள்ள மற்ற ஆண்கள் எல்லாரும் அடிக்கிறார்களா? இவர் மேலதிகாரியை அடிக்கிறாரா? வீதியில் மோதிய ஓட்டோக்காரரை அடிக்கிறாரா? வீட்டுக்குள், கதவு பூட்டிய பிறகு, ஒரே ஆளை, திரும்பத் திரும்ப என்றால் அது டென்ஷனின் வேலை இல்லை. ஆளைத் தெரிந்து, இடத்தைத் தெரிந்து செய்கிற வேலை. அந்த வீட்டில் இருப்பவர் நீங்கள் என்றால் மிச்சப் படிகளை விட்டுவிட்டு 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

மூன்றாம் படி: அந்த ஆள் சுமந்தது என்ன

நிலைமை கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆள்தான் தெரிகிறார். அதனால்தான் காரணத்தை ஆளிலேயே ஒட்டிவிடுகிறோம். எட்வர்ட் ஜோன்ஸும் விக்டர் ஹாரிஸும் 1967இல் கியூபாவின் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பது எழுதியவருக்குக் கட்டாயமாகச் சொல்லப்பட்டது என்று தெரிந்த பிறகும், வாசித்தவர்கள் அதை அவருடைய சொந்தக் கருத்து என்றே சாய்ந்து எடுத்தார்கள். நிலைமையைக் குறைத்துக் குணத்தைக் கூட்டும் இந்தச் சாய்வுக்கு லீ ராஸ் 1977இல் 'அடிப்படைக் காரணம் கற்பித்தல் பிழை' என்று பொருள்படும் பெயரை வைத்தார்.

நேரம் ஒரு பெரிய சுமை. 1973இல் ஜோன் டார்லியும் டேனியல் பாட்சனும் பிரின்ஸ்டனில் குருமட மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பேச்சு ஒன்று கொடுப்பதற்காகப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும் வழியில் ஓர் ஆள் சுருண்டு கிடந்து முனகுகிறார். சிலருக்குக் கொடுத்த பேச்சுத் தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதைதான். நேரம் தாராளமாக இருந்தவர்களில் 63 வீதமானோர் உதவினார்கள். பிந்திவிட்டது, ஓடுங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் 10 வீதம்தான். தலைப்பு என்ன என்பது பெரிதாக வித்தியாசம் செய்யவில்லை. ஆகவே கொப்பியில் எழுதுங்கள்: அந்த ஆளுக்கு அந்த நேரத்தில் எத்தனை மணிக்குள் எங்கே நிற்க வேண்டியிருந்தது? கையில் யார்? சட்டைப்பையில் எவ்வளவு? காலையில் இருந்து என்ன சாப்பிட்டார்?

கொழும்பில் இன்னொரு சுமை உண்டு, மொழி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் தமிழருக்கு நடக்கும் அநியாயமான தீர்ப்புகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவுக்கு ஹட்டனில் இருந்து ஒரு பெண் வந்தார். கூட்டங்கள் பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் நடக்கும். அவர் வாயே திறக்க மாட்டார். "அந்தப் பிள்ளை ஒரு வாயில்லாப் பூச்சி" என்று பெயராயிற்று. ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது, ஒரு மாதக் கணக்கு ஏன் பொருந்தவில்லை என்று யாரோ தமிழில் கேட்டார்கள். சாப்பாட்டுப் பார்சலைச் சுற்றி வந்த பத்திரிகைத் தாளின் ஓரத்தில், கையில் குழம்பு படாமல் இடக்கையால் பேனையைப் பிடித்து, இரண்டு பற்றுச்சீட்டு எப்படி இருதரம் பதிவாகியது என்று கீறிக் காட்டினார். பத்து நிமிடம் மேசையில் வேறு யாரும் கதைக்கவில்லை.

கெல்லியின் இரண்டாவது கேள்வியை யாராவது முன்னரே கேட்டிருந்தால் போதும்: இவர் எல்லா இடத்திலும் மௌனமா? லீ ராஸும் இரண்டு சகாக்களும் 1977இல் நடத்திய இன்னோர் ஆய்வும் இதையே காட்டுகிறது. வினாடி வினா ஒன்றில் கேள்வி கேட்பவர், பதில் சொல்பவர் என்று சீட்டுக் குலுக்குவது போல் பிரித்தார்கள். கேட்பவர் தனக்குத் தெரிந்ததில் இருந்து கஷ்டமான கேள்விகளைத் தானே தயாரிப்பார். பார்த்துக்கொண்டிருந்தவர்களும், பதில் சொன்னவர்களும்கூட, கேட்பவரையே அறிவாளி என்று மதிப்பிட்டார்கள். கேள்வித்தாள் யாருடைய கையில் இருக்கிறதோ அவர் கெட்டிக்காரராகத் தெரிவார். கூட்டம் யாருடைய மொழியில் நடக்கிறதோ அவரும் அப்படித்தான். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொல்லிவிட்டது. ஆனால் ஒரு கவுண்டருக்கு முன்னால் தட்டுத்தடுமாறி நிற்கும் அம்மாவை 'விளக்கம் இல்லாத ஆள்' என்று வரிசையே நினைக்கும்போது அந்தத் திருத்தம் அங்கே வந்து நிற்பதில்லை.

நான்காம் படி: படத்துக்குள் உங்களையும் போடுங்கள்

நிலைமை என்று எழுதும்போது நேரம், பணம், மழை, பஸ் எல்லாவற்றையும் எழுதுவோம். நம்மை எழுத மாட்டோம். மற்றவர் நடந்துகொண்டதில் நமக்குள்ள பங்கு கண்ணில் படாது. டேனியல் கில்பர்ட்டும் ஜோன்ஸும் 1986இல் இதைச் சோதித்தார்கள். எதிரில் உள்ளவர் எந்தப் பதிலை வாசிக்க வேண்டும் என்பதைச் சமிக்ஞை மூலம் பங்குபற்றியவரே தீர்மானிப்பார். அவர் சொன்னபடி எதிரில் உள்ளவர் வாசிப்பார். அப்படியிருந்தும், வாசித்தது அவருடைய சொந்தக் கருத்து என்ற பக்கமே பங்குபற்றியவர்கள் சாய்ந்தார்கள். தங்கள் கையாலேயே வரவழைத்த பதிலை மற்றவரின் குணமாக எடுத்தார்கள்.

ஆகவே ஒரு புதுப் பக்கத்தில் 'நான் அங்கே என்ன செய்தேன்' என்று தலைப்பு இடுங்கள். நான் எழுதியது இது: அன்று முன்னூறு பேர். வாசலில் நின்று கும்பிட்டேன், ஐயருக்குத் தட்சணை கொடுத்தேன், வெளிநாட்டில் இருந்து வந்த சித்தப்பா குடும்பத்தை முதல் பந்தியில் இருத்தினேன், அலுவலக ஆட்களை இரண்டாம் பந்தியில் இருத்தினேன். மச்சாளை? அந்த வரி வெறுமையாகவே கிடந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, வீட்டு ஆக்கள் கடைசிப் பந்தி. யாரும் அதைச் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும். மாமி முறைக்காரி வீட்டு ஆள். அவரை "வாரும், இரும்" என்று ஒருவரும் கூப்பிட்டிருக்க மாட்டோம்.

அதுவும் நான் அன்று ஓடித் திரிந்த ஓட்டத்தில் சரியாக யோசித்திருக்கவும் முடியாது. கில்பர்ட், பெல்ஹாம், கிரல் மூவரும் 1988இல் செய்த ஆய்வில், பதற்றமாகக் கதைக்கும் ஒரு பெண்ணின் வீடியோவைச் சத்தம் இல்லாமல் காட்டினார்கள். அவர் சங்கடமான தலைப்புகளைப் பற்றிக் கதைக்கிறார் என்று கீழே எழுத்து ஓடும். சும்மா பார்த்தவர்கள் தலைப்பைக் கணக்கில் எடுத்து, அவரைப் பயந்த சுபாவக்காரி என்று சொல்லுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அந்தத் தலைப்புகளைப் பாடமாக்கும் வேலையும் கொடுக்கப்பட்டவர்கள் குறைக்கவில்லை. தலைப்புகள் நினைவில் இருந்தன, ஆனால் அவற்றை வைத்துத் தீர்ப்பைத் திருத்த மனதில் இடம் இருக்கவில்லை. குணம் தானாகவே வந்து விழும், நிலைமையைச் சேர்ப்பதற்குத்தான் முயற்சி வேண்டும். நித்திரை கொண்டு எழும்பிச் செய்யுங்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

ஐந்தாம் படி: அதே அளவுகோலை உங்களுக்கும் பிடியுங்கள்

'மற்றவன் செய்தால் குணம், நான் செய்தால் நிலைமை' என்று எங்கும் சொல்லுவார்கள். அது அவ்வளவு நேரான விதி இல்லை. பேர்ட்ரம் மாலே 2006இல் 173 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மொத்தத்தில் அந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை என்று வந்தது. கெட்ட விடயங்களில்தான் அது தெரிந்தது. நல்ல விடயங்களில் தலைகீழாக, நமக்கு வந்த வெற்றிக்கு நாமே காரணம் என்று ஆனது. ஆகவே நீங்கள் வழுக்கிய இடங்களையும் ஜெயித்த இடங்களையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள்.

வீட்டு வேலையில் தொடங்குவது நல்லது. மைக்கேல் ராஸும் ஃபியோர் சிகோலியும் 1979இல் கணவன் மனைவியைத் தனித்தனியாக இருத்தி, வீட்டுக் காரியங்களில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூறைத் தாண்டியது. என் கணவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பார்த்தேன், பிள்ளையின் டியூஷன் ஓட்டத்தில் மட்டும். அவர் 60 என்று எழுதியிருந்தார், நான் 75. தான் நனைந்த மழை அவரவருக்கு நினைவிருக்கும், மற்றவர் நனைந்தது இருக்காது.

நம்மைப் பற்றி நாம் சொல்லும் காரணங்களும் அவ்வளவு நம்பத் தக்கவை இல்லை. 1977இல் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் டிமோதி வில்சனும் எழுதிய ஓர் ஆய்வில், ஒரே மாதிரியான நான்கு சோடிக் காலுறைகளை வரிசையாக வைத்து எது தரமானது என்று கேட்டார்கள். வலது பக்கம் இருந்ததையே பலர் எடுத்தார்கள். ஏன் என்றால் நெசவு, மென்மை என்று காரணம் சொன்னார்கள். வைத்திருந்த இடம் ஒருவர் வாயிலும் வரவில்லை.

பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தப் படியை மெத்தக் கவனமாகச் செய்ய வேண்டும். சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று "எனக்குக் கணக்கு வராது" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது தனக்குள் உள்ள, மாறாத, தன் கையில் இல்லாத ஒன்றைக் காரணமாக்குகிறது. பேர்னாட் வைனர் காரணங்களைப் பிரித்த மூன்று கோடுகள் இவைதான். "இந்த வருசம் கேத்திரகணிதத்தைக் கடைசி மாதம்தான் தொட்டேன்" என்பதும் தனக்குள் உள்ள காரணம்தான், ஆனால் மாற்றக் கூடியது. முதல் வருடத்தில் தடுமாறிய பல்கலைக்கழக மாணவர்களுக்கு, எல்லாருக்கும் தொடக்கத்தில் புள்ளி குறையும், பிறகு ஏறும் என்று மூத்த மாணவர்களின் வாயால் காட்டினார்கள் வில்சனும் பட்ரிஷியா லின்வில்லும், 1982இல். அதைக் கேட்டவர்களில் படிப்பை விட்டுப் போனவர்கள் குறைவு.

ஆறாம் படி: 'அந்த ஊர் ஆக்கள்' என்ற சொல்லைத் தேடுங்கள்

கொப்பியைத் திரும்ப வாசியுங்கள். எங்காவது ஓர் ஊரின், மதத்தின், மொழியின் பெயர் காரணமாக வந்திருக்கிறதா? யாழ்ப்பாணத்தார் எண்ணம் பிடித்தவர்கள், மட்டக்களப்பார் இப்படி, மலையகத்தார் இப்படி, முஸ்லிம் ஆக்கள், சிங்கள ஆக்கள் என்று கொழும்பில் ஒவ்வொரு மாடியிலும் ஒரு வசனம் வைத்திருக்கிறோம். தோமஸ் பெட்டிக்ரூ 1979இல் இதன் பொறியை விளக்கினார். பிற குழுவில் ஒருவர் கெட்டது செய்தால் அது அவர்கள் இனத்தின் இயல்பு. நல்லது செய்தால் அவர் மட்டும் விதிவிலக்கு, அல்லது அதிர்ஷ்டம், அல்லது ஏதோ தேவைக்காகச் செய்தது. எத்தனை நல்லவரைக் கண்டாலும் வசனம் மாறாது. கண்டுபிடித்த இடத்தில் ஊர்ப் பெயரை வெட்டிவிட்டு இரண்டாம் படிக்குப் போய் மூன்று கேள்விகளையும் அந்த ஓர் ஆளிடம் கேளுங்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இயல்பாகவே நிலைமை தெரியும், மேல்நாட்டார்தான் குணத்தைப் பார்ப்பவர்கள் என்று சிலர் சொல்வதுண்டு. பாதி உண்மை. ஜோன் மில்லர் 1984இல் அமெரிக்கர்களையும் மைசூர் இந்துக்களையும் ஒப்பிட்டபோது, மைசூர்ப் பெரியவர்கள் உறவு, கடமை, சூழல் ஆகியவற்றைக் கூடுதலாகக் காரணம் காட்டினார்கள். சிறு பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு பெரிதாக இல்லை, வயது ஏற ஏற வந்தது. அப்படியென்றால் இது பழக்கத்தில் வருவது. பழகினால் வரும், விட்டால் போகும்.

ஏழாம் படி: கேளுங்கள், ஆனால் 'ஏன்' என்று தொடங்காதீர்கள்

இவ்வளவும் செய்தாலும் உங்கள் கையில் இருப்பது ஊகம்தான். தெரிந்த ஒருவர் இருக்கிறார், அந்த ஆள். அவரிடம் போங்கள்.

தமிழில் 'ஏன்' என்பது கேள்வியாக மட்டும் விழாது, குற்றப்பத்திரிகையாகவும் விழும். "ஏன் சாப்பிடாமல் போனீர்?" என்றால் எதிரில் உள்ளவர் தப்பிக்க ஒரு காரணம் தேடுவார். நான்காம் படியில் உங்களைப் பற்றி எழுதியதில் இருந்து தொடங்குங்கள். முடிந்தால் நேரில், அதுவும் கை ஏதாவது வேலையில் இருக்கும்போது. முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு இருந்தால் இருவருக்கும் கூச்சம்.

நான் வத்தளைக்குப் போனேன். மச்சாள் முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு கொத்தை எடுத்து மடியில் வைத்தேன்.

"மச்சாள், சாமத்திய வீட்டண்டைக்கு உம்மைப் பந்தியில இருத்த நான் மறந்துபோனன் என்ன?"

அவர் கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"விடியக் காலமை அஞ்சு மணிக்கு வந்தனான் மச்சாள். ரெண்டு பந்தியும் போச்சு, ஒருத்தரும் இருக்கச் சொல்லேல்லை. நானாப் போய் இருக்க ஒரு மாதிரிக் கிடந்தது. பெடியன் கதிரையிலயே நித்திரையாப் போனான். பிந்தினால் கோட்டையில இருந்து எங்கட பஸ் இல்லையெண்டு வெளிக்கிட்டனான்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "நீங்கள் தேடுவியளெண்டு நினைச்சன். எட்டு மாசமாத் தேடேல்லை. உங்களுக்குத்தான் பெருமை எண்டு நினைச்சன்."

வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்தேன். முதல் பக்கத்தின் அடியில் நான் எழுதி வைத்திருந்த அதே சொல்லைத்தான் அவரும் அங்கே என்னைப் பற்றிச் சொல்லியிருந்தார்.

இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்திக்கு முன்னால் ஓர் ஆளை நிறுத்துகிறோம். தூரம் போகிறவர்களையும் பிள்ளையோடு நிற்கிறவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முதல் பந்தியில் இருத்துவது அவருடைய வேலை. போன தைமாதம் மகனின் பிறந்தநாளுக்கு அந்த வேலையை மச்சாளே கேட்டு வாங்கினார்.